வில்லைத் தகவி

வில்லைத் தகவி என்பது ஒரு வகை ஒளிப்படக்கருவிக்காகச் செய்யப்பட்ட வில்லையை வேறொரு வகை ஒளிப்படக்கருவியின் உடலில் பொருத்துவதற்குப் பயன்படும் இணைப்புக் கருவி ஆகும். இது பெரும்பாலும் உலோக வளையம் அல்லது குட்டையான குழல் வடிவில் இருக்கும். வழக்கில் இது லென்ஸ் அடாப்டர் என்றே அழைக்கப்படுகின்றது. டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் எண்ணிம ஒற்றை வில்லை எதிரொளிப்புப் படக்கருவிகளுக்கான வில்லைகளையும், அவற்றுக்கு முந்திய படச்சுருள் காலத்து வில்லைகளையும், மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற படக்கருவிகளில் பயன்படுத்துவதற்கே இன்று தகவிகள் மிகுதியாகப் பயன்படுகின்றன.

ஒளிப்படக்கருவியின் உடல் சில ஆண்டுகளில் பழமையடைந்து விடும். நல்ல வில்லையோ பல பத்தாண்டுகள் உழைக்கக் கூடியது. ஒருவர் ஒளிப்படக்கலைக்காகச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி வில்லைகளிலேயே முடங்கியிருக்கும். எனவே உடலை மாற்றும்போது பழைய வில்லைகளைத் தொடர்ந்து பயன்படுத்த முடியுமா என்பது முக்கியமான வினா ஆகும். இவ்வினாவுக்கான விடையைச் சில மில்லிமீட்டர்களே முடிவு செய்கின்றன.

பொருத்துமுகத் தொலைவு

வில்லையும் உடலும் ஒன்றோடொன்று பொருந்தும் உலோக வளையப் பகுதி பொருத்துமுகம் அல்லது மவுண்ட் எனப்படும். உடலின் பொருத்துமுகத்திலிருந்து படச்சுருள் அல்லது பட உணரி இருக்கும் தளம் வரையுள்ள தூரம் பொருத்துமுகத் தொலைவு எனப்படுகின்றது. ஒவ்வொரு பொருத்துமுக வகைக்கும் இத்தொலைவு மாறாத ஓர் அளவு ஆகும். வில்லையை வடிவமைப்போர் இவ்வளவை அடிப்படையாகக் கொண்டே, முடிவிலியில் உள்ள பொருள் உணரியின் மீது தெளிவாக விழும்படி வில்லையை அமைக்கின்றனர்.

எஸ்.எல்.ஆர். மற்றும் டி.எஸ்.எல்.ஆர். படக்கருவிகளில் வில்லைக்கும் உணரிக்கும் இடையே சாய்வான ஓர் ஆடி உண்டு. வில்லை வழியே வரும் ஒளியை இது மேலே திருப்பிப் பார்வைச் சாளரத்துக்கு அனுப்புகின்றது. படம் எடுக்கும் கணத்தில் ஆடி மேலெழும்ப, ஒளி உணரியை அடைகின்றது. இந்த ஆடி மேலும் கீழும் அசைவதற்கு இடம் வேண்டியிருப்பதால், 35 மி.மீ. வகைப் படக்கருவிகளின் பொருத்துமுகத் தொலைவு 40 மி.மீட்டருக்கும் கூடுதலாகவே இருந்து வந்துள்ளது. ஆடியற்ற படக்கருவிகளில் உணரியில் விழும் படமே மின்னணுத் திரையில் காட்டப்படுவதால் ஆடிக்குத் தேவை இல்லை. அதனால் பொருத்துமுகத் தொலைவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது.

ஆடியுள்ள சில வகைகளின் பொருத்துமுகத் தொலைவு வருமாறு:

- லைக்கா ஆர்: 47.0 மி.மீ.
- நிக்கான் எஃப்: 46.5 மி.மீ.
- ஒலிம்பஸ் ஓ.எம்.: 46.0 மி.மீ.
- எம்42 திருகு வகை, பென்டாக்ஸ் கே: 45.46 மி.மீ.
- மினோல்டா மற்றும் சோனி ஏ: 44.5 மி.மீ.
- கேனன் இ.எஃப்.: 44.0 மி.மீ.
- கேனன் எஃப்.டி.: 42.0 மி.மீ.

ஆடியற்ற சில வகைகளின் பொருத்துமுகத் தொலைவு வருமாறு:

- லைக்கா எம்: 27.8 மி.மீ.
- கேனன் ஆர்.எஃப்.: 20.0 மி.மீ.
- மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 19.25 மி.மீ.
- சோனி இ: 18.0 மி.மீ.
- ஃபியூஜி எக்ஸ்: 17.7 மி.மீ.
- நிக்கான் இசட்: 16.0 மி.மீ.

தகவியின் தடிப்பு

வில்லைக்கு உரிய பொருத்துமுகத் தொலைவிலிருந்து உடலின் பொருத்துமுகத் தொலைவைக் கழித்தால் கிடைப்பது தகவியின் தடிப்பு ஆகும். எடுத்துக்காட்டாக, கேனன் இ.எஃப். வில்லையைக் கேனன் ஆர்.எஃப். உடலில் பொருத்த 24 மி.மீ. தடிப்புள்ள தகவி தேவை. அதே வில்லையைச் சோனி இ உடலில் பொருத்த 26 மி.மீ. தேவை. நிக்கான் எஃப் வில்லையை நிக்கான் இசட் உடலில் பொருத்த 30.5 மி.மீ. தேவை. ஆடி அகற்றப்பட்டதால் கிடைத்த வெற்றிடத்தையே தகவி நிரப்புகின்றது. இதனுள் கண்ணாடி எதுவும் தேவையில்லை. ஆகவே வில்லை தரும் படத்தின் தரத்தை எளிய தகவி தன்னளவில் குறைப்பதில்லை.

கழித்தலின் விடை எதிர்க்குறி பெறுமானால், அதாவது உடலின் தொலைவு வில்லையின் தொலைவை விடக் கூடுதலாக இருக்குமானால், வில்லை உணரியிலிருந்து தேவைக்கு மேல் விலகி நிற்கும். அப்போது முடிவிலியில் உள்ள பொருள்கள் தெளிவடையா. வேறுபாடு 2 மி.மீ. மட்டுமே எனினும் விளைவு பெரிது. 50 மி.மீ. குவியத் தூரமுள்ள ஒரு வில்லை 2 மி.மீ. விலகி நின்றால், அதனால் தெளிவாகக் காட்டக்கூடிய மிகத் தொலைவான பொருள் வில்லையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டரில் இருப்பதாகும். அதற்கு அப்பாலுள்ளவை அனைத்தும் மங்கலாகவே அமையும். இந்த நிலையில் வில்லை அண்மைப் படங்களுக்கு மட்டுமே உதவும்.

ஆடியற்ற படக்கருவிக்கான வில்லையை டி.எஸ்.எல்.ஆர். உடலில் பொருத்த முடியாமைக்கும் இதுவே காரணம். தகவி ஒருவழிப் பாதை போன்றது. நீண்ட தொலைவுக்கான வில்லை குறுகிய தொலைவுள்ள உடலுக்குச் செல்லலாம். குறுகிய தொலைவுக்கான வில்லை மறுதிசையில் செல்ல இயலாது.

வரலாறு

முற்காலத் தகவிகள்

தகவிகள் ஆடியற்ற எண்ணிமப் படக்கருவிகளுக்கு மிகவும் முற்பட்டவை. 1954 ஆம் ஆண்டில் லைக்கா நிறுவனம் எம்3 படக்கருவியை வெளியிட்டபோது, பழைய 39 மி.மீ. திருகு வகையின் 28.8 மி.மீ. தொலைவை 27.8 மி.மீ. ஆகக் குறைத்தது. இதனால் 1 மி.மீ. தடிப்புள்ள ஒரு வளையத்தின் மூலம் பழைய திருகு வில்லைகள் அனைத்தையும் புதிய உடலில் பயன்படுத்த முடிந்தது.

1975 ஆம் ஆண்டில் பென்டாக்ஸ் நிறுவனம் எம்42 திருகு வகையைக் கைவிட்டுக் கே வகைப் பொருத்துமுகத்துக்கு மாறியது. அப்போது 45.46 மி.மீ. என்ற பழைய அளவை அது மாற்றவில்லை. புதிய பொருத்துமுகம் அகலம் கூடியதாக இருந்ததால், தடிப்பைக் கூட்டாமல் உள்ளே அமரும் வளையத்தின் மூலம் எம்42 வில்லைகளைப் பொருத்த முடிந்தது.

நிக்கான் எஃப் பொருத்துமுகம் 1959 ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதன் தொலைவு 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். வகைகளுள் மிக நீளமானவற்றுள் ஒன்று. இதனால் நிக்கான் வில்லைகள் பிற நிறுவன உடல்கள் பலவற்றில் பொருந்தின; ஆனால் பிற நிறுவன வில்லைகளுள் மிகச் சிலவே நிக்கான் உடலில் பொருந்தின.

கேனன் எஃப்.டி. வில்லைகள்

1987 ஆம் ஆண்டில் கேனன் நிறுவனம் ஈ.ஓ.எஸ். வரிசைப் படக்கருவிகளை வெளியிட்டது. இவற்றின் இ.எஃப். பொருத்துமுகத்தில் துளையும் குவியப்படுத்தலும் மின்தொடர்புகள் வழியாகவே கட்டுப்படுத்தப்பட்டன. அது பிற்காலத்துக்கு ஏற்ற வடிவமைப்பாக அமைந்தது. எனினும் பொருத்துமுகத் தொலைவு எஃப்.டி. வகையின் 42 மி.மீட்டரிலிருந்து 44 மி.மீ. ஆக உயர்ந்தது. இந்த 2 மி.மீ. வேறுபாட்டால், அதுவரை எஃப்.டி. வில்லைகளைச் சேர்த்து வைத்திருந்தோர் அவற்றைப் புதிய உடலில் முழுமையாகப் பயன்படுத்த இயலாமற் போயிற்று. கண்ணாடி கொண்ட மாற்றிகள் சில கிடைத்தன. அவை முடிவிலிக் குவியத்தை மீட்டுத் தந்த போதிலும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கின. ஒளியையும் ஓரளவு குறைத்தன.

2000களில் எண்ணிமப் படக்கருவிகள் பரவியபோது, இ.எஃப். உடல்களில் நிக்கான், எம்42, ஒலிம்பஸ் ஓ.எம்., லைக்கா ஆர் முதலிய வில்லைகளை மெல்லிய வளையங்களின் உதவியுடன் பலர் பயன்படுத்தினர். கேனனின் சொந்தப் பழைய வில்லைகளான எஃப்.டி. மட்டும் அவ்வாறு பொருந்தவில்லை. உடலற்ற வில்லைகளாக நின்றுவிட்டதால் இரண்டாம் கைச் சந்தையில் அவற்றின் மதிப்பும் தாழ்ந்தது.

ஆடியற்ற படக்கருவிகளின் வருகை

2008 ஆம் ஆண்டில் பனசோனிக் நிறுவனம் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையின் முதல் படக்கருவி ஆகும். இதன் தொலைவு 19.25 மி.மீ. மட்டுமே என்பதால் ஏறக்குறைய எல்லா எஸ்.எல்.ஆர். வில்லைகளையும் இதில் பொருத்த முடிந்தது. எனினும் இதன் உணரி 35 மி.மீ. படச்சட்டத்தை விட மிகச் சிறியது. 2010 ஆம் ஆண்டில் சோனியின் என்.இ.எக்ஸ்-3, என்.இ.எக்ஸ்-5 ஆகியன ஏ.பி.எஸ்-சி அளவுள்ள உணரியுடன் வெளிவந்தன. 2012 ஆம் ஆண்டில் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-ப்ரோ1 வந்தது.

2013 ஆம் ஆண்டில் சோனி ஏ7, ஏ7ஆர் ஆகியவை 36 × 24 மி.மீ. முழுச்சட்ட உணரியுடன் வெளியிடப்பட்டன. 1987 இல் கைவிடப்பட்ட எஃப்.டி. வில்லைகள், 26 ஆண்டுகளுக்குப் பின் தமக்குரிய முழுப் பார்வைக் கோணத்துடன் ஓர் ஆடியற்ற எண்ணிமப் படக்கருவியில் இயங்கின. இதற்குத் தேவைப்பட்டது 24 மி.மீ. தடிப்புள்ள வெற்றுக் குழல் மட்டுமே ஆகும்.

2018 ஆம் ஆண்டில் நிக்கான் இசட், கேனன் ஆர்.எஃப். வகைகள் அறிமுகமாயின. இரு நிறுவனங்களும் தமது பழைய டி.எஸ்.எல்.ஆர். வில்லைகளுக்கான தகவிகளையும் உடன் வெளியிட்டன. நிக்கானின் தகவி எஃப்.டி.இசட். எனப்பட்டது, இதன் இரண்டாம் வடிவம் 2021 இல் வந்தது. கேனன், எளிய தகவியுடன் கூடுதல் கட்டுப்பாட்டு வளையம் கொண்டதையும், வடிகட்டியைச் செருகும் இடம் கொண்டதையும் வெளியிட்டது.

வகைகள்

எளிய தகவி

மின்தொடர்புகளோ கண்ணாடியோ இல்லாத வளையம். கையால் குவியப்படுத்தப்படும் பழைய வில்லைகளுக்கு இதுவே போதுமானது. விலை குறைவு. வில்லையின் குவியத் தூரம், துளை ஆகிய விவரங்கள் படக்கோப்பில் பதிவாகா. உடலில் வில்லை இருப்பதையே படக்கருவி உணராது என்பதால், வில்லையின்றிப் படமெடுக்க இசைவு தரும் அமைப்பைப் பட்டியில் முன்னரே இயக்கி வைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் பல படக்கருவிகளில் படம் எடுக்க இயலாது.

மின்னணுத் தகவி

இரு புறமும் மின்தொடர்புகள் உடையது. வில்லையும் உடலும் ஒரே நிறுவனத்தினவாயின் கட்டளைகள் பெரும்பாலும் மாற்றமின்றிச் செல்லும். வேறு நிறுவனத்தினவாயின் தகவியினுள் இருக்கும் நுண்செயலி ஒன்றின் மொழியை மற்றதன் மொழிக்கு மாற்றித் தரும். 2016 இல் வெளிவந்த சிக்மா எம்.சி-11, கேனன் இ.எஃப். பொருத்துமுகமுள்ள சிக்மா வில்லைகளைச் சோனி இ உடலில் இயக்குவதற்காகச் செய்யப்பட்டது. பிற நிறுவனங்களின் கட்டளை முறைகள் பெரும்பாலும் வெளியிடப்படாதவை. தகவி செய்வோர் அவற்றை ஆய்ந்தறிந்தே உருவாக்குகின்றனர். ஆகவே உடலின் மென்பொருள் மாறும்போது தகவியின் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டிய நிலை ஏற்படுவதுண்டு.

மோட்டார் கொண்ட தகவி

சில வில்லைகளில் மோட்டார் இல்லை. உடலிலுள்ள மோட்டார் ஒரு சிறு தண்டின் மூலம் அவற்றைச் சுழற்றும். இத்தகைய ஏ வகை வில்லைகளுக்காகச் சோனியின் எல்.ஏ-இ.ஏ.4, எல்.ஏ-இ.ஏ.5 தகவிகளில் மோட்டார் வைக்கப்பட்டது. டெக்ஆர்ட் நிறுவனத்தின் ஒரு தகவி, லைக்கா எம் வில்லை முழுவதையும் முன்னும் பின்னும் நகர்த்தித் தன்னியக்கமாகக் குவியப்படுத்துகின்றது.

குவியக் குறைப்பி

குவிக்கும் தன்மையுள்ள கண்ணாடித் தொகுதியைக் கொண்ட தகவி. 2013 ஆம் ஆண்டில் மெட்டாபோன்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்பீடு பூஸ்டர் இதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இதன் உருப்பெருக்கம் 0.71. முழுச்சட்ட வில்லை உண்டாக்கும் பெரிய படவட்டத்தை இது சிறிய உணரியின் அளவுக்குச் சுருக்குகின்றது. அதே ஒளி சிறிய பரப்பில் குவிவதால் படமும் ஒளி மிக்கதாகின்றது. 50 மி.மீ., எஃப்/1.4 வில்லை இதன் வழியே ஏறத்தாழ 35 மி.மீ., எஃப்/1.0 வில்லையாக இயங்கும். ஒரு சதுர அலகுக்குக் கிடைக்கும் ஒளி ஏறக்குறைய இரு மடங்காகும். சிறிய உணரிக்கென்றே செய்யப்பட்ட வில்லைகளுக்கு இது ஏற்றதன்று; படத்தின் மூலைகள் இருண்டு விடும்.

கையால் குவியப்படுத்தல்

பழைய வில்லைகளைக் கையால் குவியப்படுத்துவது ஆடியற்ற படக்கருவிகளில் டி.எஸ்.எல்.ஆர். கருவிகளை விட எளிது. டி.எஸ்.எல்.ஆர். பார்வைச் சாளரத்தில் துளையைச் சிறிதாக்கினால் காட்சியும் இருளும். மின்னணுச் சாளரம் குறைந்த ஒளியையும் பெருக்கிக் காட்டுவதால், துளை சிறிதாக இருக்கும்போதும் காட்சி போதிய அளவு தெளிவாக இருக்கும். இதற்கு இரு வசதிகள் துணை செய்கின்றன. ஒன்று, காட்சியின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தல். மற்றொன்று, தெளிவாக உள்ள விளிம்புகளை நிறக் கோடுகளால் சுட்டிக்காட்டுதல். பின்னது போக்கஸ் பீக்கிங் எனப்படும். அகன்ற துளையில் இக்கோடுகளை மட்டும் நம்பினால் சிறு பிழை நேரலாம். பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமானது.

சில வில்லைகளில் துளையைச் சிறிதாக்கும்போது குவியத் தளம் சற்று இடம்பெயரும். எனவே எந்தத் துளையில் படம் எடுக்கப்படவுள்ளதோ அந்தத் துளையிலேயே குவியப்படுத்துவது நல்லது.

துளைக் கட்டுப்பாடு

வில்லையில் துளை வளையம் இருப்பின் அதைக் கையால் திருப்பலாம். எம்42 வில்லைகள் பலவற்றில் பின்புறமுள்ள ஊசி அழுத்தப்பட்டால்தான் துளை சுருங்கும். தகவியிலுள்ள விளிம்பு அதை அழுத்தி வைக்கும். எஃப்.டி. வில்லைகளுக்கான தகவியில் துளை நெம்பைப் பூட்டவும் விடுவிக்கவும் ஒரு வளையம் இருக்கும். அது திறந்த நிலையில் இருந்தால், வில்லையின் வளையத்தை எங்கு திருப்பினாலும் துளை முழுதும் அகன்றே நிற்கும்.

நிக்கானின் ஜி வகை வில்லைகளில் துளை வளையம் இல்லை. இவற்றுக்கான எளிய தகவிகளில் நெம்பை நகர்த்தும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். அதில் துளை எண்கள் இல்லாததால் மதிப்பை ஊகித்தே அறிய வேண்டும். கேனன் இ.எஃப். வில்லைகளின் துளை மின்சாரத்தால் மட்டுமே இயங்குவது. எளிய தகவியில் அது முழுதும் திறந்தே இருக்கும். முன்னர் ஒரு ஈ.ஓ.எஸ். உடலில் வேண்டிய துளையை அமைத்து, புலத்தடிப்பு முன்காட்சிப் பொத்தானை அழுத்தியவாறே வில்லையைக் கழற்றினால் துளை அந்த அளவிலேயே நிற்கும். இது பலர் கையாண்ட வழி எனினும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மற்றோர் உடல் தேவை. கேனன் இ.எஃப். 85 மி.மீ. எஃப்/1.2எல் போன்ற வில்லைகளில் குவியப்படுத்தும் வளையம் கூட மின்சாரத்தின் வழியே இயங்குவதால், எளிய தகவியில் அவற்றைக் குவியப்படுத்தவே இயலாது.

தன்னியக்கக் குவியப்படுத்தல்

டி.எஸ்.எல்.ஆர். கருவிகள் கட்ட வேறுபாட்டு முறையால் குவியம் காண்கின்றன. இம்முறையில் வில்லை எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். அதனால் அவற்றின் வில்லைகள் ஒரே வீச்சில் விரைந்து நகரும்படி வடிவமைக்கப்பட்டன. தொடக்ககால ஆடியற்ற படக்கருவிகள் பெரும்பாலும் ஒளிமாறுபாட்டு முறையைக் கையாண்டன. இதில் வில்லை சிறு சிறு அடிகளாக முன்னும் பின்னும் நகர்ந்து, படம் மிகத் தெளிவாக உள்ள இடத்தைத் தேட வேண்டும். வீச்சுக்குப் பழகிய மோட்டார்களுக்கு இது பொருந்தவில்லை. எனவே தகவி வழியே பொருத்தப்பட்ட வில்லைகள் மிக மெதுவாகவே குவியம் கண்டன.

உணரியின் மீதே கட்ட வேறுபாட்டை அளக்கும் படப்புள்ளிகள் அமைக்கப்பட்ட பின் இந்நிலை மாறியது. 2013 இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓ.எம்-டி இ-எம்1, பழைய ஃபோர் தேர்ட்ஸ் வில்லைகளையும் கருத்திற்கொண்டு இம்முறையைப் பெற்றது. கேனனின் ஆர்.எஃப். உடல்களில் இ.எஃப். வில்லைகள் இடையூறின்றி இயங்குவதற்கும் உணரியிலேயே நிகழும் கட்ட அளவீடே காரணம்.

இதனால் மற்றொரு நன்மையும் கிடைத்தது. டி.எஸ்.எல்.ஆர். கருவியில் குவியத்தை அளக்கும் பகுதி தனியாக உள்ளது. அதற்கும் உணரிக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தால், குவியம் எப்போதும் பொருளுக்கு முன்போ பின்போ விழும். ஆடியற்ற கருவியில் படம் பதியும் உணரியே குவியத்தையும் அளப்பதால் இப்பிழைக்கு இடம் இல்லை. தன் டி.எஸ்.எல்.ஆர். உடலில் மங்கலாகப் படம் எடுத்த வில்லை, தகவியின் வழியே தெளிவாகப் படம் எடுப்பதும் உண்டு.

வரம்புகளும் உள்ளன. நிக்கானின் எஃப்.டி.இசட். தகவியில் சுழல்தண்டு மோட்டார் இல்லை. எனவே ஏ.எஃப்., ஏ.எஃப்.-டி வகை வில்லைகளை அதில் கையால் மட்டுமே குவியப்படுத்த முடியும். ஏ.எஃப்.-எஸ், ஏ.எஃப்.-பி வகைகள் தன்னியக்கமாக இயங்கும். பழைய வில்லைகளை வைத்திருப்போர் தகவி வாங்குமுன் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

உணரியின் அளவும் பார்வைக் கோணமும்

தகவி வில்லையின் குவியத் தூரத்தை மாற்றுவதில்லை. ஆனால் உணரி சிறிதாயின் படவட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். 50 மி.மீ. வில்லை, ஏ.பி.எஸ்-சி உணரியில் முழுச்சட்டத்தில் 75 மி.மீ. வில்லை தரும் கோணத்தையும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரியில் 100 மி.மீ. வில்லை தரும் கோணத்தையும் காட்டும். பறவைகளைப் படமெடுப்போருக்கு இது நன்மை. கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் எடுப்போருக்கு இது இழப்பு. மாறாக, ஏ.பி.எஸ்-சி உணரிக்கான வில்லையை முழுச்சட்ட உடலில் பொருத்தினால் மூலைகள் இருளும். மின்னணுத் தகவி உள்ளபோது பல உடல்கள் நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்யும் நிலைக்குத் தாமே மாறிக்கொள்ளும்.

நடுக்கம் குறைத்தல்

உணரியை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் உடல்களில், அறுபது ஆண்டுப் பழமையான வில்லையும் அந்நன்மையைப் பெறுகின்றது. எவ்வளவு அசைக்க வேண்டும் என்பது குவியத் தூரத்தைப் பொறுத்தது. எளிய தகவியில் இத்தகவல் உடலுக்குக் கிடைக்காது. பயனர் அதைப் பட்டியில் உள்ளிட வேண்டும். 135 மி.மீ. வில்லைக்கு அமைத்த மதிப்பை மாற்றாமல் 28 மி.மீ. வில்லையைப் பொருத்தினால், உணரி தேவைக்கு மேல் அசைந்து படத்தை மேலும் மங்கலாக்கும்.

ஒளியியல் சிக்கல்கள்

படச்சுருளுக்கு முன்னால் கண்ணாடி இல்லை. எண்ணிம உணரிக்கு முன்னால் அகச்சிவப்பு வடிகட்டி முதலிய கண்ணாடித் தகடுகள் உண்டு. இவற்றின் மொத்தத் தடிப்பு சோனி முழுச்சட்ட உடல்களில் சுமார் 2 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உடல்களில் சுமார் 4 மி.மீ. ஆகும். ஒளிக்கதிர் சாய்வாக வரும்போது இக்கண்ணாடி அதன் பாதையை மாற்றி, மூலைகளில் தெளிவைக் குறைக்கின்றது.

இங்கு எஸ்.எல்.ஆர். வில்லைகள் எதிர்பாராத ஒரு நன்மையைப் பெறுகின்றன. ஆடிக்கு இடம் விடுவதற்காக அவற்றின் அகலக் கோண வில்லைகள், பின்கண்ணாடி உணரியிலிருந்து தள்ளி இருக்கும்படி வடிவமைக்கப்பட்டன. 1950 இல் பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் வெளியிட்ட 35 மி.மீ. ரெட்ரோபோக்கஸ் வில்லை இவ்வகைக்கே பெயர் தந்தது. இவற்றிலிருந்து வரும் கதிர்கள் உணரியை ஏறக்குறைய நேராகவே அடைகின்றன. லைக்கா எம் போன்றவற்றின் பழைய அகலக் கோண வில்லைகளோ உணரிக்கு மிக அருகில் அமர்ந்து, கதிர்களைப் பெருஞ்சாய்வில் அனுப்புகின்றன. ஆகவே தகவி வழியே பயன்படுத்தும்போது மூலைகள் கலங்குவதும் ஓரங்களில் நிறம் திரிவதும் இவற்றில்தான் மிகுதி.

துல்லியம்

தகவியின் தடிப்பில் ஏற்படும் மிகச் சிறிய பிழையும் முடிவிலிக் குவியத்தைப் பாதிக்கும். தகவி 0.1 மி.மீ. கூடுதல் தடிப்புடன் இருந்தால், வில்லைகள் தெளிவாகக் காட்டக்கூடிய மிகத் தொலைவான இடம் வருமாறு அமையும்:

- 24 மி.மீ. வில்லை: ஏறத்தாழ 5.8 மீட்டர்
- 50 மி.மீ. வில்லை: ஏறத்தாழ 25 மீட்டர்
- 200 மி.மீ. வில்லை: ஏறத்தாழ 400 மீட்டர்

இதனால் அகலக் கோண வில்லைகளே பெரிதும் பாதிக்கப்படுவது விளங்கும். இதைத் தவிர்க்கத் தகவி செய்வோர் பலர் வேண்டுமென்றே சற்றுக் குறைந்த தடிப்பில் செய்கின்றனர். அப்போது வில்லை முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். வில்லை மீதுள்ள தூர அளவுகள் பொருந்தா. ஜூம் வில்லைகளில் குவியத் தூரத்தை மாற்றும்போது குவியமும் விலகிச் செல்லும்.

தகவியின் இரு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். உட்சுவர் பளபளப்பாக இருந்தால் ஒளி தெறித்துப் படம் வெளிறும். நல்ல தகவிகளில் உட்சுவர் பள்ளங்களுடனோ மங்கலான கரும்பூச்சுடனோ அமைந்திருக்கும். எடை மிக்க வில்லையைப் பயன்படுத்தும்போது, முக்காலியை உடலில் பொருத்தாமல் வில்லையின் காலிலோ தகவியின் காலிலோ பொருத்த வேண்டும். இல்லையேல் உடலின் பொருத்துமுகம் முழுச் சுமையையும் தாங்க நேரிடும்.

பழைய வில்லைகளின் மறுவாழ்வு

ஆடியற்ற படக்கருவிகளின் வரவால், உற்பத்தி நின்று பல பத்தாண்டுகளான வில்லைகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. சோவியத் ஒன்றியத்தில் செனிட் படக்கருவிகளுடன் விற்கப்பட்ட ஹீலியோஸ் 44-2 இவற்றுள் பெயர்பெற்றது. கார்ல் சைஸின் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 வில்லையின் வடிவமைப்பைப் பின்பற்றியது இது. பின்னணியைச் சுழல் போலக் காட்டும் இதன் இயல்பு, வடிவமைப்பாளர் நோக்கில் ஒரு குறைபாடு. இன்று பலர் அதற்காகவே இதைத் தேடி வாங்குகின்றனர். கைவிடப்பட்டிருந்த எஃப்.டி. வில்லைகளுக்கும் சந்தையில் மீண்டும் தேவை உண்டாயிற்று.

பழைய வில்லைகளில் பூஞ்சை, துளை இதழ்களில் எண்ணெய்க் கசிவு, குவிய வளைய இறுக்கம் ஆகியவை காணப்படக்கூடும். தோரியம் கலந்த கண்ணாடியால் செய்யப்பட்ட சில டாக்குமார் வில்லைகள் காலப்போக்கில் மஞ்சளடைந்துள்ளன. புறஊதா ஒளியில் வைப்பதால் இந்நிறம் குறைகின்றது.

ஆடியற்ற உடலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட புதிய வில்லைகள் விரைவிலும் அளவடக்கத்திலும் பெரும்பாலும் மேம்பட்டவை. தகவி அவற்றுக்கு முழுமையான மாற்று அன்று. எனினும் வில்லை உடலுடன் சேர்ந்தே வழக்கொழிய வேண்டியதில்லை என்பதைத் தகவி காட்டியுள்ளது. கண்ணாடி பழுதின்றி இருக்கும் வரை, வேண்டிய தொலைவில் நிறுத்தப்பட்டால், வில்லை தனது பணியைச் செய்துகொண்டே இருக்கும்.